ஆள் வந்து சொல்லட்டும்

போடிநாயக்கனூரில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். இங்கிலீஷை வைத்தே சோறு தின்றவர் என்றால் வீரணன் சார்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், உரக்கடை மாடியில், ஒரு தகர போர்டை மாட்டிக்கொண்டு வெகுகாலமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். ஏலக்காய்க் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகள், பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலை தேடுகிறவர்கள் என்று எல்லோரும் அந்தப் படியில் ஏறி இறங்கியவர்கள்தான். போடியிலிருந்து வடக்கே போகும் ஏலக்காய் மூட்டைகளுக்கு முன்னால் போகிற மெயில்களில் பாதி வரிகள் அவர் வாயிலிருந்து வந்தவை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

எல்லாப் பாடத்தையும் ஒரு மாதிரி நடத்துவார். ‘இன்பார்ம்’ என்ற சொல்லுக்கு வந்துவிட்டால் மட்டும் ஆள் வேறு ஆளாகிவிடுவார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார்.

“பொண்டாட்டிகிட்ட சொன்னா அது டெல். மேனேஜர்கிட்ட சொன்னா இன்பார்ம். கவர்மெண்டு நம்மகிட்ட சொன்னா நோட்டிஃபை. அது சொல்லும், நமக்குத்தான் கேக்காது. பேங்க்காரன் சொன்னா இன்டிமேட். சேக்காளிகிட்ட, ‘தெரிஞ்சா சொல்லுப்பா’ன்னா லெட் மீ நோ. லீவு கேட்டு எழுதுறீங்க, மேனேஜர் இல்லைங்கறான். எப்படி எழுதுவான்? ‘ரெக்ரெட் டு இன்பார்ம் யூ.’ வருத்தத்தோட தெரிவிச்சுக்கிறேன். அவனுக்கு வருத்தம் இருக்கோ இல்லையோ, அந்த வார்த்தை இருக்கணும். அதுதான் மரியாதை.”

ஏலக்காய்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் சுப்புத்தாய் என்ற பெண் ஒருநாள் கேட்டாள். “சொல்றதுக்கு எதுக்கு சார் இம்புட்டு வார்த்தை? சொன்னாப் பத்தாதா?”

“ஏன், நம்மகிட்ட என்ன கொறச்சலா வச்சிருக்கோம்? எழவு விழுந்தா கேதம் சொல்றோம். விசேசம்னா பாக்கு வச்சுச் சொல்றோம். அவசரம்னா ஆள் விட்டுத் தாக்கல் சொல்றோம். ஒருத்தன் குடியக் கெடுக்கணும்னா போட்டுக் குடுக்குறோம். யாருக்கு எத, எப்பிடிச் சொல்லணும்னு இருக்கும்மா. அது தெரியாமப் பேசுனா, நீ என்ன இங்கிலீஸ் பேசினாலும் ஒன்னய மனுசன்னு மதிக்க மாட்டான்.”

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான். யாருக்கு எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மனிதர், சொல்லியே ஆக வேண்டிய ஒரே ஒரு ஆளிடம் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கெடுத்தார். அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

அந்த ஆள் அவருடைய அக்கா ராமுத்தாய். தாய் இல்லாத வீட்டில் தம்பிக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவள்தான். குரங்கணிக்குக் கல்யாணமாகிப் போன பிறகும், மலைச்சரிவில் காபியும் ஏலமும் கலந்து கிடக்கும் தன் வீட்டுத் தோட்டத்தில் நின்று பாடுபட்டுத் தம்பியை மதுரைக்குக் காலேஜுக்கு அனுப்பினாள். அவள் புருஷன் உக்கிரபாண்டி அதற்கு ஒருநாளும் முகம் சுளித்தவர் இல்லை. அப்பனும் போய்ச் சேர்ந்த பிறகு, ராமுத்தாய்க்குப் பிறந்த வீடு என்றால் வீரணன் ஒருவர்தான்.

ராமுத்தாய்க்கு எல்லாவற்றிலும் முறை வேண்டும். மகன் பிரபுவுக்குக் காது குத்து வைத்தபோது, தம்பி குரங்கணிக்கே வந்து தங்கி, பந்தலுக்கு யார், சமையலுக்கு யார் என்று ஒருநாள் ராத்திரி வரை பேசிவிட்டுத்தான் போடிக்குத் திரும்பியிருந்தார். மறுநாள் காலையிலேயே அக்காளும் மச்சானும் தட்டில் வெற்றிலை பாக்கோடு ஜீப்பு ஏறி வந்து வாசலில் நின்றார்கள்.

“நேத்துத்தானக்கா எல்லாம் பேசினோம்?” என்று சிரித்தார் தம்பி.

“நேத்துப் பேசினது பேச்சு. இன்னைக்குச் சொல்றது முறை. தட்ட வாங்குடா.”

பிரபு வளர்ந்து போடியில் காலேஜுக்கு வந்தபோது மாமன் வீட்டில்தான் தங்கினான். சாயங்காலம் மாமனின் வகுப்பில் உட்கார்ந்து இங்கிலீஷும் படித்தான். வீரணனுக்கு ஒரே மகள், பவதாரணி. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே வீட்டில் சாப்பிட்டால் ஊர் என்ன பேசுமோ அதைப் பேசியது. இரண்டு வீட்டிலும் யாரும் வாய் திறந்து எதையும் உறுதி சொன்னதில்லை. சொல்லித்தான் தெரியணுமா என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

பவதாரணி கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் வேலைக்குப் போனாள். கல்யாணப் பேச்சு எடுத்தபோது அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். “பிரபு அத்தான் நல்லவருதாம்ப்பா. அவரைக் கட்டிக்கணும்னு எனக்குத் தோணலை.” கூட வேலை பார்க்கிற ஒரு பையனைச் சொன்னாள். நல்ல பையன், நல்ல குடும்பம். வீரணனும் யோசித்துப் பார்த்துச் சம்மதித்தார். இதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. மகள் மனசுக்கு எதிராகக் கட்டி வைத்திருந்தால்தான் தப்பு.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. குரங்கணிக்குப் போய் அக்காளிடம் சொல்ல வேண்டும்.

“ரெண்டு பேருமாப் போவோம்,” என்றாள் அவர் மனைவி மகாராணி. “தட்டு வச்சு, ‘இந்த மாதிரி ஆயிருச்சு மதினி, பொண்ணு மனசு அப்பிடி’ன்னு நேருக்கு நேரா நின்னு சொல்லிருவோம். வைஞ்சா வைஞ்சுட்டுப் போகட்டும். அழுதா சேந்து அழுவோம். முடிஞ்சு போச்சு.”

“போகலாம், போகலாம்” என்றார் வீரணன்.

முதலில் மழை என்றார். ரோட்டில் மண் சரிந்து கிடக்கும் என்றார். அப்புறம் மாணவர்களுக்குப் பரீட்சை. அப்புறம் நாள் சரியில்லை. ஒரு தடவை சட்டை மாட்டிக்கொண்டு ஜீப்பு நிற்கும் இடம் வரை போனவர், வண்டி ஏறாமலே திரும்பி வந்துவிட்டார். அக்கா முகத்தை நேரே பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லப் பயம். அவ்வளவுதான் விஷயம். அதற்கு மேல் எவ்வளவு பூசி மெழுகினாலும் பயம்தான்.

பத்திரிகை அச்சாகி வந்தது. ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிய ஒரு சாயங்காலம், மகாராணி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், வீரணன் பத்திரிகையைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அக்காளிடம் அந்த மாதிரி போன் இல்லை. அதனால் பிரபுவுக்கு அனுப்பினார். அதோடு ஒரு வரியும் எழுதினார், அதுவும் இங்கிலீஷில்: ‘கைண்ட்லி இன்பார்ம் அக்கா.’

எந்தப் பையனுக்குப் பெண் இல்லை என்று ஆனதோ, அந்தப் பையனிடமே அதைத் தாயிடம் போய்ச் சொல்லச் சொன்னார். இப்படி ஒரு புத்தி எங்கள் பக்கத்தில் வேறு யாருக்கும் வந்து நான் கேள்விப்பட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘இன்பார்ம்ட், மாமா.’

ராமுத்தாய் கல்யாணத்துக்கு வரவில்லை. அத்தை இல்லாத மேடையில் பவதாரணி கழுத்தில் தாலி ஏறியது. கேட்டவர்களிடமெல்லாம், “சொல்லியிருக்கேன், மழையில வர முடியல போல” என்றார் வீரணன். அன்றைக்கு வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அக்காளும் தம்பியும் நேருக்கு நேர் பார்த்தது ஒரே தடவை. போடியில் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ராமுத்தாய் கடைச் சாமான்களோடு நின்றிருந்தாள். அவள் சாமானை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தவன் சோணை. குரங்கணி ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிறவன். நாற்பதைத் தாண்டியவன், ஏதோ தூரத்து வழியில் ராமுத்தாயின் பிறந்த வீட்டுக்குப் பங்காளி. ராமுத்தாயை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, கோயிலுக்கு என்று அவளை ஏற்றி இறக்குவது அவன் வண்டிதான். வீரணன் அந்தப் பக்கம் வர, ராமுத்தாய் பார்த்துவிட்டாள்.

“பொண்ணக் குடுக்க வேணாம்டா,” என்றாள், எடுத்த எடுப்பிலேயே. “நானா வந்து ஒங்கிட்ட பொண்ணு கேட்டேன்? ‘குடுக்கலக்கா’ன்னு வந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே முன்ன நின்னு கட்டி வச்சிருப்பேன். எம் மகன்கிட்டயே சொல்லி விட்டியேடா. அவன் எங்கிட்ட அதச் சொல்லும்போது அவன் மூஞ்சி எப்பிடி இருந்துச்சு தெரியுமா?”

காலில் விழுந்திருக்கலாம். ஒன்றும் பேசாமல் நின்றிருந்தால்கூடப் போதும். சுற்றிலும் ஆட்கள் நின்று பார்த்ததால் வீரணனுக்கு ரோசம் வந்துவிட்டது.

“இப்பல்லாம் எல்லாரும் போன்லதாங்க்கா சொல்றாங்க.”

“எல்லாரும் எனக்குத் தம்பியாடா?”

அதைக் கேட்டுவிட்டு அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் உன் வாசல் மிதிக்க மாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை என்று இருந்திருக்கும்.

வருஷங்கள் போயின. இடையில் ராமுத்தாய்க்கு மூச்சிரைப்பு வந்து தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சோணைதான் வந்து சொன்னான். வீரணன் அன்றைக்கே பஸ் ஏறினார். ஆப்பிள் வாங்கினார். ஆஸ்பத்திரி வாசல் வரை போனார். உள்ளே வராந்தாவில் பிரபு யாருடனோ போனில் பேசிக்கொண்டு நடப்பது தெரிந்தது. வெளியே மரத்தடியில் வெகுநேரம் நின்றுவிட்டு, ஆப்பிளோடு வீட்டுக்குத் திரும்பினார். மகாராணி அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பழம் கூடையிலேயே அழுகிப் போயிற்று.

போன மழைக்காலம் முடிந்த சமயம். காலை வகுப்புக்கு முன்னால் வீரணன் வழக்கமான கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சோணை ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு வந்து முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது.

“அண்ணே,” என்றான். எப்போதும் சார் என்கிறவன் அன்றைக்கு அண்ணே என்றான். “அக்கா விடியக்காலம் தவறிப்போச்சுண்ணே.”

வீரணன் டீ கிளாஸைப் பிடித்தபடி இருந்தார். கடைக்காரர் வந்து வாங்கி வைத்தார்.

“வண்டி மேலதான் போகுது. வெரசா வாங்க. மதினியையும் கூட்டிக்கிருவோம்.”

அப்போதே எழுந்திருந்தால் இந்தக் கதை இப்படி முடிந்திருக்காது. எழுந்திருக்கத்தான் பார்த்தார். ஏதோ ஒன்று பிடித்து இழுத்தது. அந்த வீட்டு வாசலில் போய் இறங்கும்போது, ‘உனக்கு யார் சொன்னது’ என்று ஒருவன் கேட்டுவிட்டால்? கூட்டத்துக்கு நடுவில் பிரபு கேட்டுவிட்டால்?

“ஒங்கிட்ட சொல்லி விட்டாங்களா?” என்று கேட்டார்.

“யாரும் சொல்லி விடல. நானாத்தான் வந்தேன்.”

“அப்ப நீ போ சோணை. ஆள் வந்து சொல்லட்டும். வர்றேன்.”

“நான் வந்துருக்கேன்லண்ணே?”

“நீ டிரைவர். கேதம் சொல்ல அந்த வீட்டு ஆள் வரணும்.”

சோணை அவரை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு போய் வண்டியை எடுத்தான்.

வீட்டில் மகாராணி விஷயத்தைக் கேட்டதும் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே தலையை முடிந்துகொண்டு, “கெளம்புங்க” என்றாள். இவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பொறந்த வீட்டுக்குச் சொல்லாம எடுத்துருவாங்களா? ஆள் வரும். வந்து சொல்லட்டும்.”

“நல்லதுக்குக் கூப்பிட்டாத்தான் போகணும். கெட்டதுக்குக் கேட்டாலே போகணும். ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? ஒங்களத் தூக்கி வளத்தவ கெடக்கா அங்க.”

“மகாராணி, ஒனக்குத் தெரியாது. போய் நின்னு அவமானப்பட முடியாது.”

“அவமானத்துக்குப் பயந்துதானே அன்னைக்கும் போகல?”

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணன் தம்பி கொண்டுவந்து போடுகிற புதுச்சேலை. அது மேலே விழாமல் தூக்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் வீரணன் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தன்னைத் தேடித்தானே வர வேண்டும் என்று கணக்குப் போட்டார். செத்துக் கிடக்கிற அக்காளிடம் போய் ஜெயிக்கப் பார்த்தார். இப்படிப்பட்ட ஜெயம் யாருக்கு வேண்டும்?

கடைத்தெருவுக்குப் போய், அரக்குக் கலரில் நல்ல சேலையாகப் பார்த்து எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். வகுப்புக்கு வந்த பிள்ளைகள் மாடி பூட்டியிருப்பதைப் பார்த்து வீட்டுக்கே வந்தார்கள். “எப்ப சார் எடுக்குறாங்க?” என்று சுப்புத்தாய் கேட்டாள். “இன்னும் தாக்கல் வரலைம்மா” என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவர் காதுக்கே கேட்டது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். கேஸ் சிலிண்டர் வந்தது. பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர்க் கேன் வந்தது. குரங்கணியிலிருந்து ஆள் வரவில்லை.

உச்சிப்பொழுதுக்குப் போன் சத்தம் போட்டது. பிரபுவிடமிருந்து ஒரு வரி. இங்கிலீஷில் இருந்தது. என் தாயார் ராமுத்தாய் இன்று காலை காலமானார் என்பதை உங்களுக்கு இன்பார்ம் செய்கிறோம், மாலையில் எடுக்கிறோம், அவ்வளவுதான்.

வீரணன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். எத்தனையோ வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய கண், அழுவதை விட்டுவிட்டுத் தப்பைத்தான் பார்த்தது. ‘ரெக்ரெட்’ இல்லை. வருத்தத்தோடு என்ற அந்த வார்த்தையை விட்டுவிட்டான். இவர் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்த பையன். மறந்து விட்டானா, வேண்டுமென்றே விட்டானா? கேட்கவா முடியும்?

மகாராணி போனை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அந்த இங்கிலீஷ் முழுக்கப் புரியாது. பெயர் புரிந்தது.

“வந்துருச்சுல்ல? எந்திரிங்க.”

“போன்ல சொன்னா சொன்னதாகுமா?” என்றார் வீரணன். வாய் தவறித்தான் வந்தது.

மகாராணி அவர் முகத்தையே பார்த்தாள். “இதக் கேக்க ஒங்களுக்கு நாக்குக் கூசலையா?” என்றாள்.

அதற்குப் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மச்சானாவது ஆள் அனுப்புவார், மச்சான் முறை தெரிந்தவர் என்று முனகிக்கொண்டே இருந்தார். வெயில் சுவரை விட்டு இறங்க ஆரம்பித்தது. மகாராணி எழுந்தாள். மேஜை மேல் இருந்த சேலையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க ஆள் வரட்டும்னு இருங்க. நான் எங்க மதினியப் பாக்கப் போறேன்.”

தெருமுனையில் அவள் ஆட்டோவை நிறுத்துவது தெரிந்ததும்தான் வீரணன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னால் ஓடினார்.

இருவரும் ஒரே ஆட்டோவில்தான் போனார்கள். மாந்தோப்புகள் தாண்டி ரோடு ஏற ஆரம்பித்த இடத்தில், எதிரே பைக்குகளில் ஆட்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். தலை ஈரம், வேட்டி ஈரம், தோளில் பிழிந்த துண்டு. ஆட்டோக்காரர் அவர்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். மகாராணிக்குப் புரிந்துவிட்டது. ஓவென்று அழுதாள். வீரணன் மட்டும், “வேற யாரோடவாச்சும் இருக்கும்” என்றார்.

வீட்டு வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகாராணி யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும் சத்தம் கேட்டது. போகும்போது சேலைப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வீரணன் அதைப் பிடித்துக்கொண்டு பந்தல் ஓரத்தில் நின்றார்.

உக்கிரபாண்டி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கிழவர் ஒரே நாளில் பாதியாகிப் போயிருந்தார்.

“மச்சான்” என்றார் வீரணன்.

“வா மாப்ளே” என்றார் கிழவர். கோபமாகச் சொல்லவில்லை. யாரோ வழிப்போக்கனை உட்காரச் சொல்வதுபோல் சொன்னார். “எடுத்தாச்சு.”

“கோடி... கோடி கொண்டாந்திருக்கேன் மச்சான். கோடி விழாம எப்பிடி...”

“விழுந்துச்சு. பொறந்த வீட்டுக் கோடி விழுந்துதான் தூக்கினோம்.” கிழவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நானும் ரொம்ப நேரம் பாத்தேன் மாப்ளே. பெரியாளுங்க எல்லாம் பொழுது எறங்குது, என்ன செய்யலாம்னாங்க. ஆள் விடுவோம்னு நான்தான் சொன்னேன். எம் மகன் முடியாதுன்னுட்டான். அவனச் சொல்லிக் குத்தமில்ல. அப்ப சோணை எந்திரிச்சான். ‘நான் தம்பிதான மாமா, நான் போடுறேன்’னான். காலையில போடியில இருந்து வரும்போதே சேலை எடுத்தாந்திருக்கான். வண்டிக்குள்ளயே வச்சிருந்திருக்கான் பாவம், நீ வந்துருவன்னு.”

வீரணன் திரும்பிப் பார்த்தார். பந்தலுக்கு வெளியே, ஜீப்பு டயரில் சாய்ந்துகொண்டு, ஈர வேட்டியோடு சோணை தரையில் உட்கார்ந்திருந்தான். முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தான். உடம்பு குலுங்கியது. கூடப் பிறந்தவள் போனால் எப்படி அழுவார்களோ அப்படி அழுதான். வீரணனுக்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காலையிலிருந்து வராமல் அடைத்துக்கொண்டிருந்தது. தன் அக்காளுக்காக அழக்கூட இப்போது இன்னொருவனிடம் அனுமதி கேட்க வேண்டும் போல இருந்தது.

கையில் இருந்த பை கனத்தது. பிணத்துக்கென்று எடுத்த சேலை. உயிரோடு இருப்பவர்கள் யாருக்கும் அதைக் கொடுக்க முடியாது. வீட்டுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. கீழே வைக்கவும் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அதற்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “காரியம் என்னைக்குன்னு கூட்டத்துல சொல்லிருங்கப்பா. கலையப் போறாங்க.” நாள் பார்த்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. இறந்த பெண்ணின் காரியத்துக்கு முதல் சொல் பிறந்த வீட்டுக்குத்தான். அது எல்லோருக்கும் தெரியும். பேச்சு அடங்கி எல்லோரும் பிரபுவைப் பார்த்தார்கள்.

மொட்டைத் தலையும் ஈரத்துண்டுமாகப் பிரபு எழுந்து வந்தான். வீரணன் நின்ற பக்கமாகத்தான் வந்தான். வீரணன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். வார்த்தை எப்படி வேண்டுமானாலும் வரட்டும், திட்டட்டும், இங்கிலீஷில் சொல்லட்டும், வாங்கிக்கொள்வோம் என்று நின்றார்.

பிரபு அவரைக் கடந்து ஜீப்பு நின்ற இடத்துக்குப் போனான். சோணைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினான்.

“மாமா, அம்மாவுக்கு வெள்ளிக்கெழம காரியம். பொறந்த வீட்டு முறையெல்லாம் நீங்கதான் வந்து நின்னு செய்யணும். மொத தாக்கல் ஒங்களுக்குத்தான் சொல்றேன்.”

சோணை பதறி எழுந்தான். அவன் கண் ஒரு தடவை வீரணன் நின்ற பக்கம் போய் வந்தது. பிறகு அவனும் கை கூப்பினான்.

“வந்துர்றேன் மாப்ளே.”

அதன்பிறகு பிரபு பந்தலுக்குத் திரும்பி, முறைப்படி ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். பெரியப்பா முறைக்காரரிடம் சொன்னான். பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொன்னான். போடியிலிருந்து வந்திருந்த உரக்கடைக்காரரிடம் சொன்னான். வீரணனுக்கு இடப்பக்கம் நின்றவரிடம் சொன்னான். வலப்பக்கம் நின்றவரிடம் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.